பம்பர் வாங்கும்முன்: தயாரித்த மாதம் பாருங்கள், மாட்டிப் பார்த்தபின் பெயிண்ட் அடியுங்கள்

கேள்வி: எங்களுடையது 2014 ஸ்விஃப்ட். மதிலில் உரசி முன் பம்பரின் இடப்பக்கம் கிழிந்துவிட்டது. பாறசாலையில் ஒரு கடையில் லோக்கல் பம்பர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி வீட்டிலேயே மாட்டலாமா? கேரளாவில் வாங்கினால் பிறகு சிக்கல் வருமா?
– வாசகர், குழித்துறை

பதில்: மாட்டலாம். வாங்குவதில்தான் கவனம் வேண்டும். 2014 அக்டோபரில் ஸ்விஃப்டின் முகப்பு மாறியது, பம்பரும் மாறிவிட்டது. '2014 மாடல்' என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். ஆர்.சி.யில் பதிவுத் தேதியை அல்ல, தயாரித்த மாதத்தைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணைச் சொல்லி பார்ட் நம்பர் கேட்பது இன்னும் நல்லது.

லோக்கல் பம்பரில் ஓட்டைகள் சில மில்லிமீட்டர் தள்ளியிருக்கலாம், ஓரங்கள் ஃபெண்டரோடு (முன் சக்கரத்தின் மேலுள்ள பக்கத் தகடு) ஒட்டாமல் போகலாம். அதனால் பெயிண்ட் அடிக்கும்முன் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அடித்ததை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுக்கமாட்டார். பம்பர் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பிரைமர் போடாமல் அடித்த பெயிண்ட் கொஞ்ச நாளில் தோலாக உரியும். பெயிண்டரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

10 எம்.எம். சாக்கெட் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மாஸ்கிங் டேப், கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு க்ளிப் போதும். இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் விடுங்கள்; ஏர்பேக் உள்ள காரில் முன்பக்கத்தில் சென்சார் இருக்கலாம். ஃபெண்டர், ஹெட்லைட் ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். பானெட்டைத் திறந்து மேல் க்ளிப்புகளின் நடு ஊசியை நெம்பித் தூக்குங்கள். அடியில் உள்ளவை செம்மண் அடைத்து இறுகியிருக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் நெம்பினால் தலை உடையும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதும் ஒடித்தால் வீல் ஆர்ச்சில் (சக்கரத்தைச் சுற்றிய வளைவு), பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தில் ஸ்க்ரூ தெரியும். இதை மறந்துவிட்டு இழுப்பதால்தான் பலருக்கும் பம்பரின் காது (ஸ்க்ரூ மாட்டும் ஓரம்) கிழிகிறது. ஸ்க்ரூவை எடுத்தபின் வீல் ஆர்ச் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக இழுங்கள், முன்னோக்கி அல்ல. இரண்டு பேர் வேண்டும். ஃபாக் லைட் இருந்தால் முழுதும் இழுக்கும்முன் அதன் சாக்கெட் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். பம்பரை ஒயரில் தொங்கவிடாதீர்கள்.

கழற்றியதும் உள்ளேயிருக்கும் இரும்பு பீமையும் பக்கவாட்டு பிராக்கெட்டுகளையும் பாருங்கள். பெரும்பாலும் உடைவது பிராக்கெட்தான். விலை சொற்பம், ஆனால் அது சரியில்லாமல் புது பம்பரும் ஓரத்தில் வாயைப் பிளந்து நிற்கும். பீம் வளைந்திருந்தால் வீட்டு வேலை அதோடு முடிந்தது, ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். திரும்ப மாட்டும்போது ஃபாக் லைட் சாக்கெட் முதலில், பிறகு ஓரங்களைக் கையால் தட்டி உட்கார வைத்து, இடைவெளி சமமாக வந்தபின் போல்ட்டை இறுக்குங்கள். எச்.எஸ்.ஆர்.பி. (உயர் பாதுகாப்பு) நம்பர் பிளேட் இருந்தால் அதன் பூட்டு கழற்றினால் உடையும்படி செய்தது. பிளேட் தனி பிராக்கெட்டில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் க்ளெய்ம்? ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி) இல்லாவிட்டால் பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் என்று 50% கழிப்பார்கள், அதற்கு மேல் நீங்களே கட்டாயம் ஏற்கவேண்டியது 1,000 ரூபாய், நோ க்ளெய்ம் போனஸும் (க்ளெய்ம் போடாததற்கான பிரீமியம் தள்ளுபடி) போய்விடும். பம்பர் ஒன்றுக்காகப் போடுவது பெரும்பாலும் நஷ்டம்.

எல்லை தாண்டி வாங்கினாலும் ஜி.எஸ்.டி. விகிதம் ஒன்றுதான். பார்ட் நம்பர் போட்ட பில் வாங்குங்கள். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடை கேரளாவில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: உரசல் அடிக்கடி நடப்பதால் பம்பருக்கு முன்னால் இரும்பு கார்டு (காப்புக் கம்பி) போடலாமா?
– வாசகர், புளியரை

பதில்: வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் விசை நேரே சேஸிஸுக்குப் போகும், ஏர்பேக் சென்சாரும் தடுமாறலாம். கடைக்காரர் 'எல்லாரும் போடுறாங்க' என்பார். அபராதம் கட்டுவது நீங்கள்தான்.