பாஸ்வேர்டை மாற்றியும் ஆர்டர் போகிறதே! வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: என் பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியும் விடுகிறேன். போதும்தானே?

ப: அதையே வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! முக்கியமே அதுதான். உங்கள் பாஸ்வேர்டை யாரும் உட்கார்ந்து யூகிப்பதில்லை. எப்போதோ பதிவு செய்துவிட்டு மறந்துபோன ஒரு சின்னத் தளத்திலிருந்து அது கசியும். அப்படிக் கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு திருடர்கள் பெரிய இணையக் கடைகளில் எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். 2012-இல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிராப்பாக்ஸ் சேவையின் கணக்குகள் சிலவற்றுக்குள் இப்படித்தான் நுழைந்தார்கள். காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லத் தேவையில்லை என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. கசிந்தது தெரிந்தால் உடனே மாற்றுங்கள். மற்றபடி நீளமாக, ஒரு கடைக்கு ஒன்று என்று வைத்து, எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்ட் மேனேஜர் ஆப்பில் போட்டுவிடுங்கள்.

கே: பார்சல் முகவரி சரியில்லை என்று எஸ்எம்எஸ் வந்தது. லிங்கைத் தொட்டுவிட்டேன். ஆபத்தா?

ப: தொட்டதோடு நிறுத்தினீர்களா, எதையாவது நிரப்பினீர்களா? பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஏதாவது ஆப் நிறுவச் சொல்லி நிறுவியிருந்தால் அதை நீக்குங்கள். கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் முதலில் வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்குங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். இனிமேல் இப்படி எது வந்தாலும் கடையின் ஆப்பை நீங்களாகத் திறந்து ஆர்டர் நிலையைப் பாருங்கள். அவர்கள் காட்டும் வழியில் போகாதீர்கள்.

கே: பிரவுசரில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாமா?

ப: நம்பக் கூடாது. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். எதிர்முனையில் இருப்பவனே திருடன் என்றால் பூட்டு என்ன செய்யும்? பூட்டைக் காட்டுவதற்கான சான்றிதழை மோசடித் தளங்களும் இலவசமாக வாங்கிவிடுகின்றன. பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் குரோம் பிரவுசர் 2023-இல் அந்தச் சின்னத்தையே மாற்றியது.

கே: என் அக்கவுண்ட் போச்சு. உடனே உதவவும்.

ப: எந்தக் கடை, எப்போது, உள்ளே போக முடிகிறதா, இல்லையா, ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்! அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, எனக்கும்தான். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பிறகு விவரமாக எழுதுங்கள்.

கே: ஷாப்பிங் கணக்கின் பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றிவிட்டேன். ஆனாலும் யாரோ ஆர்டர் போடுகிறார்கள். எனக்கு ஆர்டர் மெயில்கூட வருவதில்லை. கடையின் பாதுகாப்பு அவ்வளவு மோசமா?

ப: கடையைத் திட்டுவதற்கு முன் உங்கள் மின்னஞ்சலைப் பாருங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பதுதான் என் வருத்தம். கடைக் கணக்குக்கு நீளமான பாஸ்வேர்ட், ஓடிபி எல்லாம் வைக்கிறார்கள். மின்னஞ்சலுக்கோ பத்து வருடத்துக்கு முன் வைத்த அதே பாஸ்வேர்ட்! 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் புது பாஸ்வேர்டுக்கான லிங்க் எங்கே போகிறது? மின்னஞ்சலுக்குத்தானே. அது திருடன் கையில் இருந்தால் நீங்கள் மூன்று தடவை மாற்றினாலும் முப்பது தடவை மாற்றினாலும் ஒன்றுதான்.

ஆர்டர் மெயில் வரவில்லை என்பதுதான் என் சந்தேகத்தைக் கூட்டுகிறது. உள்ளே வந்தவர்கள் செட்டிங்ஸில் ஒரு ஃபில்டர் போட்டுவிடுவார்கள். கடையின் பெயரோ 'ஆர்டர்' என்ற சொல்லோ உள்ள மெயில் எல்லாம் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போய்விடும். அதனால் செய்ய வேண்டியது இது. வைரஸ் இல்லை என்று நம்பக்கூடிய ஒரு கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள் (லாக் அவுட்). ஃபில்டர், ஃபார்வர்டிங் (மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்புவது) இரண்டையும் திறந்து, நீங்கள் போடாததை அழியுங்கள். கணக்கைத் திரும்பப் பெறுவதற்காகக் கொடுத்து வைக்கும் மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள், நிறையப் பேர் தவறவிடுவது இதைத்தான். பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கடைக் கணக்கு. அங்கேயும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றிவிட்டு, டெலிவரி முகவரிப் பட்டியலில் தெரியாத முகவரி இருந்தால் நீக்குங்கள். போன ஆர்டர்களைப் பற்றி வங்கியிடமும் கடையிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். நாளாக ஆகப் பணம் திரும்புவது கடினம்.

கே: ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவது நல்லதா, ஆப்பில் எடுப்பது நல்லதா?

ப: ஓடிபியை ஃபோனிலேயே உருவாக்கித் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப். திருடர்கள் ஏமாற்றி உங்கள் எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றிவிட்டால் எஸ்எம்எஸ் அவர்களுக்குப் போய்விடும். 2019-இல் அப்போதைய ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கே அவருடைய ஃபோன் எண் வழியாகத்தான் பறிபோனது. ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபியாவது இருப்பது, ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல். எதில் வந்தாலும், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கே: ரீஃபண்ட் வரவில்லை என்று தேடியதில் கஸ்டமர் கேர் எண் கிடைத்தது. பேசியவர் திரையைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னார். போடலாமா?

ப: வேண்டாம்! ரீஃபண்ட் தர உங்கள் திரையை யாரும் பார்க்கத் தேவையில்லை. தேடலில் வரும் எண்ணை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். கடையின் ஆப்புக்குள் 'உதவி' பகுதிக்கு நீங்களாகப் போங்கள்.

கே: பாஸ்கீ வைத்துக்கொள்ளச் சொல்கிறது கடை. நம்பலாமா?

ப: தாராளமாக. பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் ஃபோனின் கைரேகை, முகம் அல்லது பின்னை வைத்து உள்ளே போகும் வழி அது. உண்மையான தளத்தில் மட்டுமே அது வேலை செய்யும், போலித் தளத்தில் கொடுக்கவே முடியாது. மின்னஞ்சலுக்கு முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நான் ஆர்டர் செய்யாத பார்சல் ஒன்று என் பெயருக்கு வந்திருக்கிறது. பணமும் போகவில்லை. என்ன இது?

ப: சில விற்பனையாளர்கள் உங்களை வாங்கியவராகக் காட்டிப் பொய்யான நல்ல விமர்சனம் எழுதிக்கொள்ள இப்படி அனுப்புவது உண்டு. உங்கள் பெயரும் முகவரியும் அவர்களிடம் இருக்கிறது என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டியது. உள்ளே கியூஆர் அட்டை இருந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள். உங்கள் கணக்கில் அந்த ஆர்டர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைக்குத் தெரிவியுங்கள்.