அப்பாவின் ஹார்மோன் ஊசிக்காக மூன்று மா நிலத்தை விற்கலாமா?

கேள்வி: நாங்கள் திருத்துறைப்பூண்டி பக்கம். அப்பாவுக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரை பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. ஒன்று 9,500 ரூபாய் ஆகிறது. எனக்குத் தனியார் வேலை, சம்பளம் 32,000. இருக்கிற ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலத்தில் மூன்று மாவை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். அப்பாவோ, "நிலத்த வித்து எனக்கு ஊசி வேணாம், நிறுத்திடு" என்கிறார்.

பதில்: நிலத்தை விற்க வேண்டாம். ஊசியையும் நிறுத்த வேண்டாம்.

வருஷத்துக்கு நான்கு ஊசி, 38,000 ரூபாய். நோய் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, தஞ்சாவூர் போய்வரும் செலவு, கால்சியம் மாத்திரை எல்லாம் சேர்த்து 60,000 என்று வையுங்கள். மாதம் 5,000. உங்கள் சம்பளத்துக்கு இது பாரம்தான். ஆனாலும் வருமானத்திலிருந்தே கட்ட வேண்டிய செலவு இது. நிலம் விற்ற பணம் மொத்தமாகக் கைக்கு வந்தால் பழைய கடன், தங்கைக்குச் சீர் என்று கரைந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து ஊசி இருக்கும், பணம் இருக்காது.

பரவிய நிலையில் இந்தச் சிகிச்சை பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும். அதனால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: ஊசிக்குப் பதிலாக விரைகளை அகற்றும் அறுவைசிகிச்சை அப்பாவுக்குச் சரிப்படுமா? இந்தப் புற்றுநோய் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை வைத்து வளர்வது. ஊசி அந்தச் சுரப்பை அடக்குகிறது. அறுவைசிகிச்சை சுரக்கும் இடத்தையே எடுத்துவிடுகிறது. பலன் ஏறக்குறைய ஒன்றுதான், செலவு ஒரே முறை. காசில்லாதவர்களுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 1941-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் ஹார்மோன் சிகிச்சையின் பலனைக் காட்டிய வழிகளில் இதுவும் ஒன்று. அந்தப் பணிக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் செய்தால் செய்ததுதான், பழையபடி ஆக்க முடியாது. பல ஆண்களுக்கு மனசளவில் இது பெரிய விஷயம். அப்பாவே டாக்டரிடம் பேசி முடிவெடுக்கட்டும். பணத்தைக் காட்டி அவரைத் தள்ளாதீர்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீங்களும் அப்பாவும் ஒரே ரேஷன் அட்டை என்றால் உங்கள் சம்பளம் அதைத் தாண்டிவிடும். அவர் தனி அட்டையில் இருந்தால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி, மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் இந்த ஊசியைச் சொல்லியே கேளுங்கள். வரிச் சலுகை பற்றி யோசிக்கவே வேண்டாம், உங்கள் சம்பளத்துக்கு வருமான வரியே வராது.

ஊசியே தொடர்வதானால், அதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு ஒன்று திறங்கள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கியில் ஏறிய அன்றே, குறுவைக்கு 30,000, சம்பாவுக்கு 30,000 என்று அதற்கு மாற்றிவிடுங்கள். 2024-இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குப் பதில் ஜூலை 28-இல்தான் திறந்தது. அப்படிக் குறுவை போகிற வருஷமும் வரும். அதற்காகச் சம்பளத்தில் மாதம் 3,000 எடுத்துவைத்து, ஒரு வருஷ ஊசிப் பணத்தை வைப்புநிதியில் சேர்த்துவிடுங்கள். அவசரமென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வாங்கலாம், நெல் பணம் வரும் வரைக்கும் மட்டும். வட்டிக்காரரிடம் போகாதீர்கள்.

இந்தக் கணக்குப் புத்தகத்தை அப்பாவிடம் காட்டுங்கள். ஊசியை நிறுத்தச் சொல்வது உங்களை நினைத்துத்தான் என்று எனக்குப் படுகிறது. நிலத்தைத் தொடாமலே சிகிச்சை நடக்கும் என்று தெரிந்தால் அவர் மனசு மாறலாம்.

நிலத்தைக் கையில் வைத்திருக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. ஊசியோடு, ஆண் ஹார்மோனை இன்னும் குறைக்கும் அபிராடெரோன் போன்ற மாத்திரையையும் டாக்டர் சேர்க்கக்கூடும். அது மாதாமாதச் செலவு, அந்த நேரத்துக்கு நிலம் கையில் இருக்கட்டும். கம்பெனிக்குக் கம்பெனி விலை நிறைய மாறும். கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் ஜெனரிக் பெயரில் எழுதித் தரச் சொல்லி, மூன்று நான்கு கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.