காட்டு வான்கோழியும் வேட்டையும்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் காட்டு வான்கோழியை வேட்டைக்காரர்களே காப்பாற்றினார்கள் என்கிறார்களே. தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்ட மகுடம்தானே இது?

பதில்: மகுடத்தில் கொஞ்சம் முலாம் உண்டு. அழித்ததிலும் துப்பாக்கிக்குப் பங்கிருக்கிறது. விற்பனைக்காகச் சுட்டுத் தள்ளியதும் காட்டை வெட்டியதும் சேர்ந்து, 1930களில் ஏறத்தாழ 2 லட்சம் பறவைகளே எஞ்சின என்பது பரவலான மதிப்பீடு. ஆனால் பணக்கணக்கு வேட்டைக்காரர்கள் பக்கம்தான். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த கலால் வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்கு எடுக்கும் மாநிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. சட்டத்தின் உயிரே அந்த நிபந்தனைதான் என்பேன்.

கேள்வி: பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்குமே?

பதில்: விட்டுப் பார்த்தார்கள். பல ஆண்டுகள், பல மாநிலங்களில். பெரும்பாலும் வீண். தாய்க்குப் பின்னால் நடந்து பழகாத குஞ்சுக்கு எதைக் கண்டு ஒளிய வேண்டும் என்றே தெரியாது. வழி பிறந்தது 1951இல், தென் கரோலினாவின் பிரான்சிஸ் மரியன் தேசியக் காட்டில். சோளத்தைத் தூவி, பக்கத்தில் மடித்த வலையை மறைத்துவைப்பார்கள். பறவைகள் கூடித் தலையைத் தாழ்த்திக் கொத்தும் நேரம் பார்த்துச் சிறு பீரங்கிக் குழாய்களை வெடிக்க வைத்தால், வலை பறந்துபோய் அவற்றை மூடும். தலை நிமிர்ந்திருக்கும்போது வெடித்தால் அடிபடும்; ஆகவே மறைவில் இருப்பவருக்குப் பொறுமைதான் முதல் தகுதி. பிடித்த காட்டுப் பறவைகளையே பெட்டியில் அடைத்து, வான்கோழி அற்றுப்போன காடுகளில் திறந்துவிட்டார்கள். மாசசூசெட்ஸில் 1851இல் கடைசிப் பறவை வீழ்ந்தது. 1972-73இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகள் வந்தன. இன்று அங்கே 30,000க்கும் மேல்.

கேள்வி: அண்ணா, மிசௌரியில் வேலை பார்க்கிறேன். வசந்தகால வேட்டைக்கு நண்பர் கூப்பிடுகிறார். இதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: சேவல் நின்ற இடத்தில் நின்று முழங்கும், பெட்டை தேடிப் போகும், அதுதான் இயற்கை. வேட்டைக்காரர் பெட்டையாக நடித்துச் சேவலைத் தன்னிடம் வரவழைக்கப் பார்க்கிறார். எளிதில் வராது, தம்பி. நண்பரிடம் நீள்சதுர மரப்பெட்டி ஒன்று இருக்கலாம். அதன் மூடியின் அடியில் சுண்ணக்கட்டி தேய்த்து, பெட்டியின் மெல்லிய விளிம்பில் இழுத்தால் பெட்டை கூவும் குரல் வரும். அதற்கும் மூத்தது பூர்வகுடிகள் வழிவந்த எலும்புக் குழல்: வான்கோழியின் சிறகெலும்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியது. ஊதுவதில்லை, காற்றை உறிஞ்ச வேண்டும். துப்பாக்கியே தொடாமல் இந்தக் குரலை மட்டும் கற்றுக்கொண்டாலும் நல்லதே. ஒன்று கட்டாயம்: சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடலில் தெரியக் கூடாது. சேவலின் தலை நிறங்கள் அவை. வேறொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவையென்று நினைத்துவிடலாம்.

கேள்வி: சேவலை மட்டும் சுட்டால் இனம் குறையாது என்பது உண்மையா?

பதில்: ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணையும் என்பதால் நெடுங்காலம் அப்படி நம்பினார்கள். தென்கிழக்கு மாநிலங்களில் எண்ணிக்கை சரியத் தொடங்கியபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. இணைசேரும் காலம் முடியுமுன்பே முன்னணிச் சேவல்களை வீழ்த்தினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. ஜார்ஜியா 2022இல் பருவத் தொடக்கத்தைத் தள்ளிவைத்து, ஒருவருக்கு மூன்று என்ற வரம்பை இரண்டாக்கியது. முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் தள்ளிவைப்பவர்கள் கட்சி: பாட்டன் காலத்துத் தேதியைக் காப்பது மரபு ஆகாது.

ஆனால் பழி முழுவதையும் துப்பாக்கி மேல் போட முடியாது. பெட்டை தரையில் 28 நாள் அடைகாக்கிறது; ரக்கூனும் பாம்பும் முட்டைக்கு அலைகின்றன. பொரித்த குஞ்சு ஏறத்தாழ இரண்டு வாரம் மரமேற முடியாது. பூச்சி நிறைந்த, மறைவுள்ள புல்வெளி அதற்கு வேண்டும். புதர் மண்டிய பைன் காட்டில் அளவாகத் தீவைத்து அந்தப் புல்லை மீட்பது எந்த வேட்டைத் தடையையும்விடப் பெரிய உதவி.

கேள்வி: பாஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். ஒரு சேவல் தினமும் என் காரைக் கொத்துகிறது. ஏன்?

பதில்: கதவில் தெரியும் தன் பிம்பத்தைப் போட்டிச் சேவல் என்று நினைக்கிறது. காரை மூடிவையுங்கள். தெருவில் யாராவது தீனி போட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். எதிரே வந்தால் பின்வாங்காதீர்கள். துடைப்பத்தைக் காட்டி அதட்டினால் போய்விடும்.