மகன் ஒத்துக்கொண்டால் கேஸ் முடிந்துவிடுமா?

கேள்வி: ஐயா, மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். மகனுக்கு 13 வயதும் எட்டு மாதமும். அடுத்த லயத்து 20 வயதுப் பையன் ஃபெக்டரி ஸ்டோரில் பித்தளைச் சாமான் எடுத்தபோது இவன் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். பொலிஸ் என்னிடம் கையெழுத்து வாங்கி அவனை விட்டது. "தவணையன்று குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அன்றைக்கே முடிந்துவிடும்" என்கிறார் கேஸ் பார்க்கும் பொலிஸ் ஐயா. என்ன செய்ய? இதனால் எங்கள் வேலையும் லயக் காம்பராவும் போய்விடுமா?

பதில்: அம்மா, ஒரு சட்டத்தரணி கோப்பைப் பார்க்கும்வரை மகன் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

நீதவான் நீதிமன்றத்தில் இப்படியான வழக்கை நடத்துவது பெரும்பாலும் பொலிஸ்தான். சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டவாதி வருவது கொலை போன்ற பெரிய வழக்குகள் மேல் நீதிமன்றத்துக்குப் போகும்போது. அந்த அதிகாரி கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ கேஸ், ஒன்று குறைந்தால் அவருக்கு நிம்மதி. ஆனால் அவர் முறைப்பாட்டுப் பக்கத்து ஆள். மகனுக்கு என்ன உத்தரவு என்று தீர்மானிப்பவர் நீதவான். "அன்றைக்கே முடியும்" என்று வாக்குக் கொடுக்க பொலிஸால் முடியாது.

உங்கள் மகனின் வயதுதான் இந்த வழக்கில் பெரிய விஷயம். 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். அதன்படி 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளை என்றால், செய்த காரியம் என்ன, அதனால் என்ன வரும் என்று விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி அவனுக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருக்கவில்லை என்றால் குற்றம் இல்லை. அவசரப்பட்டு ஒத்துக்கொண்டால் இந்தக் கேள்வி எழாமலே போய்விடலாம். பார்ப்பது சம்பவம் நடந்த நாளில் இருந்த வயதை. தவணைக்கு முன் 14 ஆனாலும் பயப்பட வேண்டாம். பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே தேடி எடுங்கள். தோட்டங்களில் பதிவு பிந்தியதும் பெயர் பிழையாக விழுந்ததும் நிறைய உண்டு. அப்படியிருந்தால் பிரதேச செயலகத்துப் பதிவாளரிடம் உடனே போங்கள்.

அப்புறம், சாக்கைப் பிடித்ததே திருட்டாகிவிடாது. திருடுகிறோம் என்று தெரிந்துதான் நின்றான் என்பதை வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் பயந்து "நானும்தான் செய்தேன்" என்று சொல்லியிருந்தாலும், சாட்சியச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராகப் பாவிக்க முடியாது. நீதவான் முன்னால் சொன்னால் கதை வேறு.

இலங்கையில் தனியாக இயங்கும் சிறுவர் நீதிமன்றங்கள் பத்தரமுல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. மலைநாட்டில் நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாக அமரும். அந்த அமர்வில் வெளியாட்கள் இருக்கக் கூடாது, பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. அடுத்த லயத்துப் பையன் பெரியவன் என்பதால், மகனின் விஷயத்தைப் பிரித்து அந்த அமர்வில் எடுக்கும்படி சட்டத்தரணி கேட்கட்டும். மகனைச் சந்தேகநபராக வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று பொலிஸுக்கும் சட்டமா அதிபருக்கும் எழுத்தில் கேட்கவும் வழி உண்டு. பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளை இழுத்துவிடும் வழக்குகளில் இதைச் செய்யாமல் விடுவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். அவருடைய அறிக்கைக்கு நீதவான் நல்ல பெறுமதி கொடுப்பார். பிள்ளை பாடசாலைக்குப் போகிறானா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், அப்பா குடிக்கிறாரா என்றெல்லாம் கேட்பார். மறைக்காதீர்கள். பாடசாலை வரவுப் பதிவும் அதிபரின் கடிதமும் கையில் இருக்கட்டும். மகன் குற்றம் செய்தான் என்று நீதவான் தீர்மானித்தால் எச்சரித்து விடலாம், நன்னடத்தை மேற்பார்வையில் வைக்கலாம், பெற்றோரை நட்டஈடு கட்டச் சொல்லலாம். சான்றுபெற்ற பாடசாலைக்கு, அதாவது நீதிமன்ற உத்தரவில் பிள்ளைகளைத் தங்கவைக்கும் சீர்திருத்தப் பாடசாலைக்கு, அனுப்பும் அதிகாரமும் நீதவானுக்கு உண்டு. "முடிந்துவிடும்" என்ற பேச்சை நான் நம்பாததற்கு இதுவும் காரணம்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். சிங்களத்தில் எழுதிய எதிலும் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். நீதிமன்றத்தில் தமிழில் பேசவும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது.

வேலை விஷயம்: மகன்மேல் வழக்கு இருப்பது உங்களை நிறுத்தக் காரணமாகாது. தோட்டத்தில் யாராவது வாயால் மிரட்டினால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், தந்தால் அதோடு தொழிற்சங்கத்துக்கோ தொழில் அலுவலகத்துக்கோ போங்கள்.