சின்ன பிக்கப்புக்கு எந்தக் குதிரை ட்ரெய்லர் சரி? – கேள்வி பதில்

ஆடி பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோவில் பண்டிகையும், அதையொட்டி நடக்கும் குதிரைச் சந்தையும் வந்துவிடும். வீட்டில் இருக்கும் பிக்கப்பிலேயே ட்ரெய்லரை மாட்டிக் குதிரையைக் கொண்டு போகலாமா என்று இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

பெருந்துறையிலிருந்து: அண்ணா, என்கிட்ட டபுள் கேபின் வி-கிராஸ் பிக்கப் இருக்குதுங்க. ரெண்டு குதிரை நிற்கிற ட்ரெய்லர் வாங்கலாமுங்களா? வண்டி நல்லாத்தான் இழுக்குது.

இழுக்கும் தம்பி, அதில் சந்தேகமே இல்லை. இந்த டீசல் இன்ஜின்களுக்கு அதெல்லாம் ஒரு பாரமே இல்லை. நான் கேட்பது வேறு. விஜயமங்கலம் பக்கம் திடீரென்று முன்னால் போகிற லாரி பிரேக் போட்டால், பின்னால் இருக்கும் பாரத்தையும் சேர்த்து உங்கள் வண்டி நிற்குமா? ட்ரெய்லர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு குதிரை நிற்கும் ட்ரெய்லர், இலேசானதாகவே பார்த்தாலும் வெறும் எடை 900 கிலோவை ஒட்டி வரும். மார்வாரி இனக் குதிரை ஒன்று 400 கிலோ என்று வைத்தால் இரண்டுக்கும் 800. சேணம், கொள்ளு மூட்டை, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 1,750 கிலோ. உங்கள் வண்டியின் வெறும் எடை இரண்டு டன்னை ஒட்டி இருக்கும். இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் 85 சதவீதத்துக்குள் ட்ரெய்லர் இருக்கட்டும் என்பது வெளிநாட்டில் கேரவன் என்னும் வீட்டு ட்ரெய்லரை இழுக்கப் பழகுகிறவர்களுக்குச் சொல்லும் கணக்கு. அதன்படி உங்களுக்கு 1,700 கிலோதான் எல்லை. கேரவனுக்குள் இருக்கும் கட்டில் நகராது; குதிரை கால் மாற்றி நிற்கும், உதைக்கும், ஒரு பக்கம் சாயும். அதனால் அந்த எல்லைக்கும் கீழே இருப்பதுதான் நல்லது.

ஒற்றைக் குதிரை ட்ரெய்லர் என்றால் மொத்தமே 1,100, 1,200 கிலோவில் முடிந்துவிடும். உங்கள் வண்டிக்கு அதைத்தான் சொல்வேன். இரண்டு குதிரையும் சேர்ந்தே போகவேண்டும் என்றால், வாடகைக்கு ஐச்சர் லாரி பிடியுங்கள்.

அவிநாசியிலிருந்து: டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 3,500 கிலோ இழுக்கும்னு வெளிநாட்டு வீடியோவில் சொல்றாங்களே?

ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் விற்கிற ஹைலக்ஸுக்கு அந்த அளவு உண்டு, உண்மைதான். ஆனால் அது தனி பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு, அந்த நாட்டில் ட்ரெய்லரை மாட்டக் கம்பெனி பொருத்தித் தரும் கொக்கியோடு. இங்கே வாங்கிய வண்டிக்கு, இங்கே கொடுத்த கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. கையேட்டில் ஒன்றும் இல்லாவிட்டால் கம்பெனிக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஷோரூமில் வாயால் சொல்வதை நம்பிக் குதிரையை ஏற்ற வேண்டாம்.

கோபியிலிருந்து: என் குதிரை எத்தனை கிலோன்னே தெரியாதுங்க. எப்படிக் கணக்குப் போடுறது?

டேப் இருந்தால் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளம் ஒரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சுச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 155 என்றால் சுமார் 377 கிலோ. கொஞ்சம் முன்பின் இருக்கும், ட்ரெய்லர் பார்க்க இது போதும்.

திருச்செங்கோட்டிலிருந்து: எங்க ஊரில் லாரி பாடி கட்டாத தெருவே கிடையாது. போர் போடுற ரிக் வண்டியே கட்டுறாங்க. ஒரு குதிரை ட்ரெய்லர் கட்டிக்க முடியாதுங்களா?

கட்டும் திறமை உங்கள் ஊரில் இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது சட்டம். ட்ரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டிய வண்டிதான். அதற்கென்று தனிப் பதிவு எண் உண்டு. அதோடு இழுக்கும் வண்டியின் எண்ணும் ட்ரெய்லரில் தெரியவேண்டும். வண்டியின் மாதிரிக்கு முன்பே ஒப்புதல் வாங்கிய தயாரிப்பாளர் செய்ததாக இருந்தால் பதிவு சுலபம். பட்டறையில் பற்றவைத்ததைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. ஆபீசில் நின்றால் அலையத்தான் வேண்டும். பதிவு இல்லாமல் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். அதனால் கட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது எடை. லாரிக்குக் கட்டிப் பழகிய கை, ‘கெட்டியா இருக்கட்டும்’ என்று கனமான சேனலும் தடித்த தகடும் போட்டுவிடும். லாரிக்கு அது சரி. உங்கள் பிக்கப்புக்குப் பின்னால், குதிரை ஏறுவதற்கு முன்பே ஒன்றரை டன் இரும்பு வந்து நின்றுவிடும். கட்டச் சொல்வதானால் ‘வெறும் எடை இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது’ என்று எழுதிக் கொடுத்து, எடை மேடையில் நிறுத்திப் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: உள்ளே எத்தனை இடம் விடணும்?

மத்திய மோட்டார் வாகன விதி 125-இ என்று ஒன்று இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் கால்நடை ஏற்றும் வண்டிகளில் ஒவ்வொரு உருப்படிக்கும் நிரந்தரத் தடுப்பு வேண்டும் என்கிறது. குதிரைக்குக் குறைந்தது 2.25 சதுர மீட்டர், மாட்டுக்கு 2 சதுர மீட்டர். ஒற்றைக் குதிரைக்கு ஒரு மீட்டர் அகலம், இரண்டே கால் மீட்டர் நீளம் என்றால் விதிக்குச் சரியாக வரும். தலை நீட்டிக்கொள்ள இன்னும் கொஞ்சம் நீளம் விடுங்கள். உயரம் ஏழடி இருந்தால் மார்வாரி, கத்தியவாரி இரண்டும் தலை இடிக்காமல் நிற்கும். மட்டக்குதிரைக்கு ஆறடி தாராளம்.

தலைக்கயிறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். குதிரை தலையைத் தாழ்த்தித் தும்மவும் இருமவும் வழி இருக்கவேண்டும். மணிக்கணக்கில் தலையை உயர்த்திக் கட்டியே கொண்டு போனால் மூச்சுக்குழாயில் தூசியும் சளியும் தேங்கி, நுரையீரல் வரை நோய் போய்விடும். நீண்ட பயணம் போய் வந்த குதிரைக்கு இரண்டு நாளில் காய்ச்சல் வருவதற்கு இதுவும் முக்கியக் காரணம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையை அவிழ்த்து விடுங்கள்.

உடுமலைப்பேட்டையிலிருந்து: ஆடியில் அந்தியூர் போகணும். எங்க பக்கம் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ட்ரெய்லர் ஆடுமாண்ணா?

நல்ல கேள்வி. இதை எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அடிக்கும் வேகத்தை நம்பித்தான் அங்கே இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. நீங்கள் தாராபுரம், காங்கயம் வழியாக வடக்கே போகும்போது அந்தக் காற்று பக்கவாட்டில் வந்து மோதும். குதிரை ட்ரெய்லர் ஏழடிச் சுவர் கொண்ட பெட்டி. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதை அதன் பக்கத்தில் நின்றால் நம்பத் தோன்றும்.

ஆட்டத்தைக் குறைக்க முதல் வழி, கொக்கியின் மேல் விழும் எடையைச் சரியாக வைப்பது. ட்ரெய்லரின் மொத்த எடையில் குறைந்தது 5 முதல் 7 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 என்பார்கள். அங்கே வண்டிகளும் பெரியவை. சின்ன பிக்கப்புக்கு 7, 8 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, கொக்கியில் பொறித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் பாருங்கள். பாரம் பின்பக்கம் போய்க் கொக்கி இலேசாகிவிட்டால் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்துவிடும்.

இதை அளக்க எடை மேடை போதும். முதலில் பிக்கப் மட்டும் தனியாக ஏறி ஒரு எடை. பிறகு குதிரையோடு ட்ரெய்லரை மாட்டி, பிக்கப் மட்டும் மேடையில், ட்ரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் எடை. பருத்தி லோடு ஏற்றுகிற நம் ஊர்களில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை, செலவும் சொற்பம்.

அப்படியும் ஆட ஆரம்பித்துவிட்டால், காலால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள். ட்ரெய்லருக்கு மின்சார பிரேக் இருந்து, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி கேபினில் இருந்தால், ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் கொடுங்கள். அது பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து வண்டியை நேராக்கிவிடும். அப்புறம், விடியற்காலையில் கிளம்புங்கள். காற்று ஏறுவதற்குள் காங்கயம் தாண்டிவிடலாம்.

பல்லடத்திலிருந்து: எவ்வளவு வேகம் போகலாம்?

1978-ஆம் வருட விலங்குகள் போக்குவரத்து விதிகள், குதிரை ஏற்றிய சரக்கு வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. தரையில் வழுக்காத விரிப்பு, கூட ஒரு ஆள், பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்று, எல்லாம் அதில் உண்டு. சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் 35-இல் போனால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். இடது ஓரமாகப் போங்கள், கிராமத்துச் சாலை இருந்தால் அதில் போங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து: திம்பம் ஏறி மைசூர் போகலாமுங்களா?

27 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எதிரே லாரி. வளைவில் ட்ரெய்லரின் சக்கரம் பிக்கப்பின் தடத்தைவிட உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அதற்கு அகலமாகத் திரும்ப வேண்டும். அங்கே அந்த அகலம் பல இடங்களில் கிடைக்காது. இறக்கத்தில் இன்னொரு ஆபத்து. நிறைய ட்ரெய்லர்களில் இருப்பது தள்ளு பிரேக். ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது கொக்கி அமுங்கிப் பிரேக் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் அது விடாமல் உரசிச் சூடாகி, கடைசியில் பிடிக்காமல் போகும். முதல், இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். இரவுப் போக்குவரத்துத் தடையும் இருக்கிறது.

நேராகச் சொல்கிறேன்: மலைக்கு முதல் முறையாக ட்ரெய்லர் இழுப்பவர் திம்பத்தில் பழக வேண்டாம். குதிரையை ட்ரெய்லர் இல்லாத லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

காங்கயத்திலிருந்து: குதிரைக்கு வாங்குற ட்ரெய்லரிலேயே கண்ணபுரம் சந்தைக்குக் காளையைக் கொண்டு போயிடலாமில்ல?

காங்கயம் காளை 500 கிலோவைத் தாண்டும், எடைக் கணக்கு மாறும். கொம்பு வேறு நடுத்தடுப்பில் மாட்டும். தடுப்பைக் கழற்றி மாற்றும்படி இருந்தால் செய்யலாம். ஆனால் ஒரே நடையில் குதிரையையும் காளையையும் ஏற்றாதீர்கள். காளையை இறக்கிய பிறகு தரையின் ரப்பர் விரிப்பைத் தூக்கி அடியில் கழுவுங்கள். மூத்திரம் தேங்கினால் பலகை உளுத்துப்போகும், அலுமினியமும் அரிக்கும். பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் அடியில் படுத்து, திருப்புளியால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலை பேசவே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

கோவையிலிருந்து ஒரு அம்மணி: ரெண்டு குதிரை நிற்கிற ட்ரெய்லரில் ஒன்றை மட்டும் ஏற்றினால் எந்தப் பக்கம் நிறுத்தணும்? ஏற்றி இறக்கும்போது எதில் கவனமா இருக்கணும்?

வலப்பக்கம், ஓட்டுநர் பக்கம் அம்மணி. நம் சாலை இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும். பாரம் இடப்பக்கம் இருந்தால் சக்கரம் மண்ணில் இறங்கும்போது சாய்ந்துவிடும். இரண்டு ஏற்றினாலும் கனமானது வலப்பக்கம்.

ஏற்றும்போது முதலில் குதிரைக்குப் பின்னால் குறுக்கே வரும் பின்கம்பியை மாட்டுங்கள், அப்புறம் தலையைக் கட்டுங்கள். இறக்கும்போது முதலில் தலையை அவிழ்த்துவிட்டு, பிறகு பின்கம்பி. தலை கட்டியிருக்கும்போது பின்னால் திறந்தால், குதிரை பின்வாங்கும், கயிறு பிடித்து இழுக்கும், மிரண்டு துள்ளும். பெரும்பாலான அடிகள் அந்த நேரத்தில்தான் படுகின்றன. குதிரை உள்ளே இருக்கையில் ட்ரெய்லரைக் கொக்கியிலிருந்து எந்தக் காரணத்துக்கும் கழற்றக் கூடாது.

சந்தைக்கு முதல் நாள் ஏற்றிப் பழக்க முடியாது. மாட்டி நிறுத்திய ட்ரெய்லருக்குள் வைத்துப் பத்துப் பதினைந்து நாள் கொள்ளு கொடுங்கள். தானாக ஏறும்.

அந்தியூரிலிருந்து: கொக்கிக் குண்டு 50 மில்லியா, ரெண்டு இஞ்சா? கடையில் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாங்க.

இரண்டு இஞ்ச் என்றால் 50.8 மில்லி. 50-க்குச் செய்த கப்ளர் (குண்டின் மேல் உட்கார்ந்து பூட்டும் ட்ரெய்லரின் முனை) 50.8 குண்டில் இறுக்கமாக உட்கார்ந்து, முழுசாகப் பூட்டாமலே பூட்டியதுபோல் தெரியும். இரண்டுக்கும் ஒரே அளவு வாங்குங்கள். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் முன் ஜாக்கியை இறக்கி, பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் எழும்புகிறதா என்று பாருங்கள், எழும்பினால் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றால் ட்ரெய்லர் பிரேக்கை இழுக்கும் கம்பியைத் தனியாக, பிக்கப்பின் சேசிஸில் மாட்டுங்கள். சிலர் அதைக் குண்டின் கழுத்தில் சும்மா சுற்றிவிடுகிறார்கள். குண்டு கழன்றால் கம்பியும் கூடவே போய்விடும்.