ரசாயன ஊசிக்கு முன், சுவரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள்

வணக்கம். 1890களில் கட்டிய லண்டன் டெரஸ் வீடு (பக்கத்து வீடுகளோடு ஒட்டி வரிசையாகக் கட்டியது), முன்னறைச் சுவரில் ஈரம், ரசாயன ஊசி (சுவரில் துளையிட்டு ஈரத்தடுப்பு மருந்தைச் செலுத்துவது) போட்டால்தான் தீரும் என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரத்துக்குப் பயந்து வீட்டை விட்டுவிடாதீர்கள். ஊசிக்கும் உடனே தலையாட்ட வேண்டாம்.

அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் நடுவில் இடைவெளி இல்லாத 9 அங்குலச் செங்கல் சுவர், சுண்ணாம்புக் கலவையில் கட்டியது. உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். பிற்பாடு யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உட்பூச்சு உப்புப் பூத்து உரியும். வெளித்தரை, சுவரிலுள்ள ஸ்லேட் ஈரத்தடுப்பு வரிசைக்கு (தரை ஈரம் மேலேறாமல் தடுக்கும் கற்பலகை அடுக்கு) 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். வெளியே கான்கிரீட் மேல் கான்கிரீட் போட்டு அந்த வரிசையை மூடிவிடுவது சகஜம். காற்றுச் செங்கல் (தரைக்கடியில் காற்று போக ஓட்டை வைத்த செங்கல்) அடைபட்டிருந்தால் பலகைத் தரைக்கடியில் உத்திர முனைகள் உளுத்துப்போகும். தரை அமுங்குகிறதா என்று சுவரோரமாகக் குதிகாலால் அழுத்தி மிதித்துப் பாருங்கள். ஒன்று கவனியுங்கள்: ஈரமானி உப்பையும் ஈரமாகவே காட்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்னதுதான்: இரண்டு தளத்திலும் புகைபோக்கித் தூணை (கணப்படுப்பையும் புகைக்குழாயையும் சுற்றி எழும்பும் செங்கல் தூண்) இடித்திருக்கிறார்கள். அதற்கு மேலே பரணில் மிச்சமுள்ள செங்கலை எஃகு தாங்குகிறதா? கவுன்சிலின் கட்டட ஒழுங்குமுறைச் சான்றிதழ் இருக்கிறதா? சொலிசிட்டர் (வீடு வாங்க உங்களுக்காக வேலை பார்க்கும் வக்கீல்) மூலம் எழுத்தில் கேளுங்கள். இவை இல்லையென்றால் விலையைக் கட்டாயம் குறைத்துக் கேளுங்கள். ஊசி விற்பவரின் இலவச அறிக்கை போதாது. ஆர்ஐசிஎஸ் (சர்வேயர்களின் தொழில்சங்கம்) லெவல் 3 சர்வே, அதாவது கட்டடத்தின் முழு ஆய்வு, எடுங்கள். அந்தச் செங்கலைத் தாங்க, பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவரில் உத்திரம் செருகுவதானால், 1996 பொதுச்சுவர்ச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.