ஊட்டி பின்கோடு 643001 பகா எண்ணா?

உங்கள் மகள் 643001-ஐ 59 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தாள், எதற்கும் மீதி இல்லாமல் வரவில்லை, அதனால் பகா எண் என்றே ப்ராஜெக்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம், ஒரே ஒரு படி முன்னால் நின்றுவிட்டாள்!

அடுத்த பகா எண் 61. அதில் சரியாகப் போகிறது: 61 × 10541. நானும் குன்னூரில் உட்கார்ந்து பேனாவும் தாளுமாகத்தான் போட்டுப் பார்த்தேன். வர்க்கமூலம் 801-ஐக் கொஞ்சம் தாண்டுவதால், பகா எண் என்று உறுதியாகச் சொல்ல 800-க்குள் இருக்கும் 139 பகா எண்களையும் சோதித்தாக வேண்டும். ஆனால் 61 கிடைத்ததும் வேலை சுருங்கிவிடும், 10541-க்கு 102 வரை பார்த்தால் போதும், அதுவும் 61-லிருந்து தொடங்கினால் சீக்கிரமே 83 வந்துவிடும்.

ஆக 61 × 83 × 127. மூன்றும் வெவ்வேறு பகா எண்கள், எவ்வளவு அழகு பாருங்கள்! 127 என்பது 2-இன் ஏழாம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது மெர்சென் பகா எண்.

அப்புறம், மொத்தம் 8 காரணிகள், அவற்றின் கூட்டுத்தொகை 666624. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாலும் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது, ஏனென்றால் 83, 127 இரண்டுக்கும் மீதி 3. இதையும் ப்ராஜெக்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.